மின்சுற்று வரையும் கருவி

லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிய நாளில் மின்சுற்றுப் படங்கள் மையும் அளவுகோலும் கொண்டே வரையப்பெற்றன. இன்று அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து பயில வரும் மாணவர் கணினியில் வரைகின்றனர். எம்மிடம் அவர்கள் வினவுவது, எந்த மென்பொருளைக் கொள்வது என்பதே.

விலை மிகுந்ததைத் திருட்டுப் பிரதியாகப் பெறுவாரும் உளர். வேண்டாத வேலை! இலவசமாகவே நல்லன உண்டு. பிரான்சில் 1992இல் ழான் பியர் ஷரா தொடங்கிய கீகாட், 2013 முதல் சேர்ன் ஆய்வுகூடத்தின் துணையையும் பெற்றது. ஆயினும் அது மின்னணுத் தகடுகளுக்கே உரியது. கொழுந்து வாட்டும் விசிறியின் மோட்டாரை இயக்கும் பெட்டியை வரைவோர் அதனோடு மல்லாடுவானேன்? அதற்குக் கியூ எலெக்ட்ரோ டெக் பொருந்தும். கொன்டாக்டர் ஆளியின் சுருள் ஒரு தாளிலும், அதன் தொடுகைகள் வேறு தாளிலும் இருப்பின், ஒன்றன் இருப்பிடத்தை மற்றொன்றினருகே அது குறித்துக் காட்டும். நள்ளிரவில் விசிறி நின்றால் குவிந்த கொழுந்து வெதும்பிவிடும். அவ்வேளையில் மின்பணியாளர் தாள்களைப் புரட்டித் தவிக்கலாகாது.

இவ்விரண்டிலும், உரிமக் காலம் முடிந்ததென்று வரைந்த படம் பூட்டப்படுவதில்லை. எனினும் அச்சுப் பிரதி ஒன்றைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்குமாறு யாம் கூறுவதுண்டு. மின்சாரம் நின்றால் கணினியும் நிற்குமே!