மருதையாற்றங்கரையில் ஒரு சனிக்கிழமை



கடந்த சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. மாலை ஜெபக்கூட்டத்தை மூப்பர் ஒருவர் நடத்தினார். "ஐயா எங்கே போயிருந்தீர்கள்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்கான பதிலை இன்று எழுதுகிறேன். அது எனக்கு எளிதான பதில் அல்ல.

என் பள்ளித் தோழர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மஸ்கட்டில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்திருந்த அவர் வெள்ளிக்கிழமை இரவு திடீரென்று வந்து கதவைத் தட்டினார். "திருச்சியில் விமானம் ஏறினால் கொழும்பு பக்கந்தான். இரண்டு நாள் போய்விட்டு வருவோமா?" என்றார். ஞாயிறு ஆராதனையை விட்டு நான் எப்படிப் போவது? என் பாஸ்போர்ட்டும் எப்போதோ காலாவதியாகிவிட்டது. "சரி, கொழும்பு வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் நம்ம ஊரையே வெளியூர்க்காரன் மாதிரி சுத்திப் பார்ப்போம்" என்றார்.

பிரசங்கம் முடியவில்லை என்று தயங்கினேன். அது பாதிதான் உண்மை. ஒரு நாள் முழுவதும் அவரோடு தனித்திருக்க எனக்கு அச்சமாயிருந்தது. ஆனாலும் புறப்பட்டோம்.

முதலில் சாத்தனூர் சென்றோம். அங்கே ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது; நீளம் 18 மீட்டர். கடல் சூழ்ந்திருந்த நிலம் இது. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீர் ஊடுருவி, அதிலிருந்த தாதுக்கள் மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பார்வைக்கு இன்றும் அது மரம்தான், தொட்டால் கல். நண்பர் அதைச் சுற்றி இருமுறை நடந்தார். ஒன்றும் பேசவில்லை.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஊரைத் தாண்டி மருதையாற்றின் கரையில் காரை நிறுத்தினோம். 1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே, வெள்ளத்தில் ரயில் பாதை அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இந்த ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழக்கம்போல நான் போதிக்கத் தொடங்கினேன். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுப் பதவி விலகியதைச் சொன்னேன். "ரயிலை ஓட்டியவர் அவரல்ல, மழையைப் பெய்யச் செய்தவரும் அவரல்ல. ஆனாலும் நான் பொறுப்பு என்றார்" என்று முடித்தேன்.

சொல்லி முடித்ததும் என் வாயின் வார்த்தையே என்னைக் குத்தியது.

பிரியமானவர்களே, 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், அவருடைய தாயார் இறந்துபோனார். அவரால் வர இயலவில்லை. அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். அன்றிரவு தொலைபேசியில், "அம்மா சங்கீதம் சொல்லிக்கொண்டே சமாதானமாகக் கண்மூடினார்கள்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அது பொய். நான் அங்கே இருக்கவே இல்லை.

இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பையன் மூலம் என்னை அழைத்தார்கள். "ஐயா, அவன் முகத்தைப் பார்க்கணும். அந்தப் போனில் எனக்குப் போட்டுத் தரத் தெரியாது. நீங்க வந்து போட்டுத் தாங்க" என்றார்கள். நோய்த்தொற்றுக்குப் பயந்து, "நாளைக்கு வருகிறேன் அம்மா" என்றேன். மறுநாள் விடியுமுன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் யாரையும் உள்ளே விடவில்லை.

ஆற்றங்கரையில் இதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, "வண்டியை எடு" என்றார்.

திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி போகும்வரை இருவரும் பேசவில்லை. அங்கே வீரமாமுனிவர் ஊழியம் செய்த அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, கடல் கடந்து வந்து, நம் மொழியைக் கற்று, சதுரகராதி தந்த அந்த மனிதர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. ஆலய வளாகத்தில் நின்றபடி நண்பர் கேட்டார்: "இவருக்கும் ஊரில் ஒரு அம்மா இருந்திருப்பாங்க, இல்லையா?"

பிறகு சொன்னார்: "எங்க அம்மாவுக்குச் சங்கீதம் எதுவும் மனப்பாடம் கிடையாதுடா. கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே பாதியில் விட்டுடுவாங்க. நீ சொன்னது பொய்னு அன்னைக்கே தெரியும். ஆனா கேட்க பயம். கடைசியில் அம்மா என்னை நினைக்கவே இல்லையோன்னு நாலு வருஷமா இருந்தேன். என் முகத்தைப் பார்க்கணும்னு கேட்டாங்களா?"

"கேட்டார்கள்" என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன்.

அவருக்குத் தேவையாயிருந்த ஒரே ஆறுதல் என் கையில் இருந்தது. என் குற்றத்தை மறைப்பதற்காக அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டு, அழகான வேறொன்றை அதன் இடத்தில் வைத்தேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் நட்பு பார்வைக்கு நட்பாகவே இருந்தது. சாத்தனூரில் அவர் அந்த மரத்தை ஏன் இரண்டு முறை சுற்றி வந்தார் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜனங்களின் காயத்தை மேற்பூச்சாக ஆற்றிவிட்டு, எல்லாம் நலம் என்று சொன்ன ஆசாரியர்களைக் குறித்து எரேமியா தீர்க்கதரிசி துக்கப்பட்டார். அந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒருமுறையும் என்னை அந்த ஆசாரியரின் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. துக்க வீட்டில் நாம் சொல்லும் இனிய சொற்கள் யாரைத் தேற்றுகின்றன? அவர்களையா, நம்மையா?

உங்கள் வீட்டிலும் மரண வேளையில் சொல்லப்படாத ஒரு வார்த்தை, ஒப்புவிக்கப்படாத ஒரு செய்தி இருக்கலாம். அதை உரியவரிடம் அன்போடு கொண்டுபோய்ச் சேருங்கள். கேட்கிறவர் உடனே மன்னிப்பார் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். என் நண்பர் விடைபெறும்போது, "கோபம் இருக்கு. போக நாளாகும். அடுத்த முறை வரும்போது அம்மா கல்லறைக்குச் சேர்ந்து போவோம்" என்றார். இதை எழுதவும் அவரே அனுமதி தந்தார்.

நான் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். கொழும்புக்கு அல்ல, அவர் அழைத்தால் மஸ்கட்டுக்கு.

ஜெபம்: உண்மையுள்ள தேவனே, நாங்கள் பயந்து மறைத்தவற்றை ஒளிக்குக் கொண்டுவரும் தைரியத்தைத் தாரும். எங்கள் ஆறுதல் மொழிகளைப் பொய்க்கு விலக்கிக் காத்தருளும். ஆமென்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
உங்கள் போதகர்