உலக்கைப் பயிற்சி

நவம்பர் 8, சனி

பாச்சலூரில் இருட்டோடு பஸ் ஏறி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று மாறி மதுரை போய்ச் சேர்ந்தபோதே பாதி உயிர் போயிருந்தது. கோச் முதல் ஒரு மணி நேரம் ரைபிளைத் தொடவே விடவில்லை. குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 10 மீட்டர் தள்ளி அட்டை. நடுவில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்தான், கடுகுகூட அதைவிடப் பெரிசு. என் முதல் குண்டு நாலில் விழுந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

காபிப் பழக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "ஏத்தா, பன்னியவா சுடப் போற? கேசாயிடும்."

மலையில் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி, காட்டுப்பன்றி, அப்புறம் வனத்துறை. இது காற்றழுத்தத்தில் போகிற 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, அட்டையைத்தான் சுடுவோம் என்றேன். "அட்டையில ஓட்டை போடவா மதுரைக்குப் போற?" பதில் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

வீட்டில் ரைபிள் ஏது? உலக்கையை எடுத்துக்கொண்டேன். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, சுவரில் பேனாவால் வைத்த புள்ளியைப் பார்த்து நின்றேன். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. நாடித் துடிப்புக்குத்தான் உலக்கை நுனி துள்ளுகிறது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் கொஞ்சம் அடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் இதே போட்டியில் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 630.7. சராசரி பத்தரைக்கும் மேல்! அப்படியும் பத்தாவது இடம்; இறுதிக்கு எட்டுப் பேர்தான். அன்றைக்கு மனசு எப்படி இருந்திருக்கும்?

அம்மா வந்து உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மிளகு இடிக்கணுமாம்.

நவம்பர் 15, சனி

இன்று தடித்த கோட்டை மாட்டினார்கள். கித்தான் மூட்டைக்குள் புகுந்த மாதிரி. குனிய முடியாது, ஆனால் முதுகு நிற்கிறது. பத்துக் குண்டில் ஒரு எட்டு, இரண்டு ஏழு. சுட்டதும் துப்பாக்கியைச் சட்டென்று இறக்குகிறேன், அதுதான் கோளாறாம்.

ராத்திரி அட்டையை அப்பாவிடம் காட்டினேன். விளக்கில் பிடித்து எண்ணினார்.

"பத்துன்ன? ஒம்போது ஓட்டைதான இருக்கு."