இரவுக் குளிசை

உடப்புசல்லாவையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் என் அம்மாயி. முதுகிலே நிறைந்த கூடை. காலடியிலே மழையில் வழுக்கும் மண். செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கிய அந்தக் கால்கள் ஒருநாளும் தவறியதில்லை. அத்தகையவர், தமது எழுபத்தாறாம் வயதிலே, ஓர் இரவு, சமதரையான எங்கள் லயத்து இஸ்தோப்பிலே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

“பனியிலே கால் மரத்திருக்கும்” என்றனர் அயலார். “வயசு போச்சு, வேறென்ன?” என்றார் மாமா. நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் ஆஸ்பத்திரி வைத்தியரோ, “பாட்டி இரவிலே என்ன குளிசை போடுகிறார்?” என்றே முதலில் வினவினார்.

தாத்தா காலமான பின்னர் அம்மாயிக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வைத்தியர் இரண்டு வாரத்துக்கென டயஸிபாம் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் இரண்டு வருடமாயிற்று. பழைய துண்டைக் காட்டி மாதந்தோறும் அதனை வாங்கி வந்தவன் நானே. விழுந்த அன்று, தடிமனுக்கென்று குளோர்பெனிரமின் குளிசையையும் சேர்த்துக் கொடுத்தவனும் நானே.

டயஸிபாம் 1963இல் விற்பனைக்கு வந்த மருந்து. இருபது வயதினர் உடலில் அதன் பாதி நீங்க ஏறக்குறைய 20 மணி நேரம் செல்லும்; எண்பது வயதினருக்கோ ஏறக்குறைய 90 மணி நேரம். ஆகவே நேற்றைய குளிசை நீங்குமுன் இன்றையது வந்து சேர்ந்துகொள்கிறது. தசை தளர்கிறது, தடுமாறும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளும் விரைவும் குன்றுகிறது. தடிமன் குளிசையும் மயக்கம் தருவதே. முதியோருக்குத் தகாத மருந்துகளின் பட்டியலொன்றை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் முதலானோர் 1991இல் வெளியிட்டனர்; பின்னர் திருத்தப்பட்டு வரும் அப்பட்டியலில் இவ்விரண்டும் இன்று இடம்பெற்றுள்ளன.

“அப்படியானால் இன்றே நிறுத்திவிடுகிறேன், ஐயா” என்றேன். “வேண்டாம், தம்பி! நெடுநாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். வைத்தியர் சொற்படி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்” என்றார்.

அவ்வாறே குறைத்தோம். மாலைக்குப் பின் தேத்தண்ணீரையும் நிறுத்தினோம். நாளடைவில் உறக்கம் தானே வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இத்தகைய குளிசை போடும் முதியோருக்கு விளக்க ஏடொன்றை அனுப்பினார்களாம். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 27 பேர் அப்பழக்கத்தை விட்டனர். ஏடு பெறாதோரில் 5 பேரே விட்டனர் என்கிறது 2014இல் வெளியான ஆய்வு. அறிந்தால் விடக்கூடியதே இது. எங்களுக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் என் குற்றத்தை அம்மாயியிடம் சொல்லி அழுதேன். “தூங்கணும்னுதானே குடுத்த, ராசா? விழணும்னா குடுத்த?” என்று என் தலையைத் தடவினார்.

இன்று அவர் ஊன்றுகோலுடன் இஸ்தோப்பு வரை நடக்கிறார். மலைமேலுள்ள கோயிலுக்கு இனி ஏற இயலாது. வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியவரின் குளிசைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டி, ஒவ்வொன்றும் இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். நான் கேளாத கேள்வி அது.