கோல் கம்பத்தைச் சுருக்காதீர்கள்

சென்ற மாதம் பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றில் ஓர் இளைஞர் திரையில் சில காட்சிகளைப் போட்டுக் காட்டினார். எல்லாமே பெண் கோல்கீப்பர்கள் விட்ட கோல்கள். பெரும்பாலானவை தலைக்கு மேலே போய், பாருக்குக் கீழே இறங்கியவை. காட்சிகள் முடிந்ததும் தன் யோசனையைச் சொன்னார். மாவட்ட அளவில் பெண்கள் ஆடும் போட்டிகளுக்கு போஸ்ட்டின் உயரத்தையும் அகலத்தையும் கொஞ்சம் குறைத்துவிடலாம். வாலிபாலில் பெண்களுக்கு வலை தாழ்வாகத்தானே கட்டுகிறார்கள், பாஸ்கெட்பாலில் பந்து சிறியதுதானே என்றார். அறையில் பல தலைகள் அசைந்தன. "உங்க பொண்ணுங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன்" என்று என் பக்கம் திரும்பியும் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லாத பிள்ளைதான். ஆனாலும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் பெண்பிள்ளைகளுக்கு கீப்பிங் சொல்லிக்கொடுப்பவள். அதற்கு முன் நானே பல வருஷம் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றவள். எனக்குத் தெரிந்தவரை, ஆண் கீப்பர் ஒருவன் தப்பு செய்தால் அது அவனுடைய தப்பு. 2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்தை ஆலிவர் கான் நெஞ்சோடு அணைக்காமல் நழுவவிட்டார், ரொனால்டோ வந்து தட்டிப் போட்டார். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலின் கேரியஸ் உருட்டிவிட்ட பந்து பென்சிமாவின் காலில் பட்டு உள்ளே போனது. பிறகு பேல் தூரத்திலிருந்து அடித்ததும் அவர் கையில் பட்டே உள்ளே போனது. அதற்காக ஆண்களின் போஸ்ட்டைச் சின்னதாக்கச் சொன்னவர் ஒருவர் உண்டா? ஒரு பெண் கோல் விட்டால் மட்டும் அவள் உயரம், கை நீளம், எலும்பு என்று பெண் பிறவியே விசாரணைக்கு வந்துவிடுகிறது. 2007 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் நாடின் ஆங்கரர் முதல் ஆட்டத்திலிருந்து இறுதியாட்டம் வரை ஒரு கோல்கூட விடவில்லை. இறுதியில் மார்த்தாவின் பெனால்டியையும் தடுத்தார். அவர் நின்றதும் இதே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரத்தில்தான். அந்த இளைஞரின் தொகுப்பில் ஆங்கரர் இல்லை.

பெண்களுக்காக ஆட்டத்தைச் சுருக்குவது ஒன்றும் புது யோசனை அல்ல. 1984இல் நடந்த முதல் ஐரோப்பியப் பெண்கள் போட்டியில் ஆட்டம் 70 நிமிடம்தான், பந்தும் 4ஆம் எண் பந்து. 1991இல் சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் 80 நிமிடம். 90 நிமிடம் பெண் உடம்பு தாங்காது என்று அன்று நினைத்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் நினைத்திருப்பார்கள். 1995இல் ஸ்வீடனில் 90 நிமிடம் ஆக்கினார்கள். ஆட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டது. பெண்கள் ஆடக் கூடாது என்று அது சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்றது. அவ்வளவு போதும். கிரவுண்டு இல்லையென்றால் ஆட்டம் இல்லை. அரை நூற்றாண்டு அது அப்படியே கிடந்தது. என் பேச்சு முழுவதும் கிரவுண்டைப் பற்றியதுதான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலில் அந்தத் தலைக்கு மேல் போகும் பந்துக்கு வருவோம். அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. நான் சொல்லிக்கொடுப்பவற்றில் அதைவிடப் பிடிவாதமான பாடம் வேறில்லை.

பார் 2.44 மீட்டர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் கையைத் தூக்கினால் விரல்நுனி ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு வரும். மிச்சம் நாற்பது சென்டிமீட்டர் சொச்சம். நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் பலருக்கு எட்டாது. இரண்டு எட்டு வைத்து ஒற்றைக் காலில் எழும்பினால் எட்டும். ஆக எல்லாம் அந்த இரண்டு எட்டில் இருக்கிறது. ஸ்டிரைக்கர் பந்தைத் தூக்கியதும் பழகாத பெண் என்ன செய்கிறாள்? நெஞ்சைப் பந்துக்குக் காட்டியபடியே பின்னால் பின்னால் போகிறாள். எடை முழுக்கக் குதிகாலில். குதிகாலில் நின்று யாரும் எழும்ப முடியாது. ஆணானாலும் முடியாது. கை மேலே போகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, மல்லாக்க விழுகிறாள், பந்து வலையில். பார்க்கிறவர்கள் 'உயரம் பத்தலை' என்கிறார்கள். பத்தாதது உயரம் அல்ல, அந்தக் காலடி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சார் ரயில்வேக்கு ஆடிய பழைய கீப்பர். முதல் பல வாரங்கள் பந்தையே கண்ணில் காட்டவில்லை. சிக்ஸ் யார்டு கோட்டிலிருந்து கோல் கோடுவரை சுண்ணாம்பில் காலடித் தடம் போட்டு, அதன்மேல் நடக்கவிட்டார். வலப்பக்கத் தோளுக்கு மேல் பந்து போனால் வலது காலைப் பின்னால் எடுத்து இடுப்பைத் திற, இடது கால் குறுக்கே வரட்டும், கண் மட்டும் தோளுக்கு மேலாகப் பந்தில் இருக்கட்டும், எழும்பும்போது போக வேண்டியது இடது கை. வலது கை கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அதற்குள் பந்து அதைத் தாண்டியிருக்கும். "பந்துக்கு முதுகக் காட்டாத, மாரையும் காட்டாத, பக்கவாட்டுல போ" என்பார். நூறு தடவை சொல்வார், குரலை உயர்த்த மாட்டார். கோடு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். போஸ்ட்டில் இடித்துக்கொள்வோமோ என்ற பயம் இருக்கிறவரை யாராலும் பின்னால் பாய முடியாது. அந்தப் பயத்தை வாயால் போக்க முடியாது, காலால்தான் போக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போய்ப் போஸ்ட்டைத் தொடு என்பார். தொட்டு முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

என் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகக் காலம் ஆகிறது. அதற்கு நான் கண்டறிந்த காரணம் இது. எங்கள் தெருக்களில் ஆண்பிள்ளைகள் ஆறு வயதிலிருந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். மாடி உயரத்துக்குப் போன டென்னிஸ் பந்து எங்கே வந்து இறங்கும் என்று கணக்குப் போட்டபடி, அண்ணாந்து, பின்னால் ஓடி, சாக்கடை ஓரம் நின்று பிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கேட்ச். கீப்பிங்கின் பாதிப் பாடத்தை அவன் கிரவுண்டுக்கு வரும் முன்பே தெருவில் படித்துவிடுகிறான். பெண்பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். வயசுக்கு வந்துவிட்டால் தெருவே கிடையாது. பதினான்கு வயதில் அவள் என்னிடம் வரும்போது வானத்திலிருந்து இறங்கும் பந்து அவளுக்கு அந்நியம். எட்டு வருஷக் கடன் அது. இதை உடம்பின் குறை என்று எழுதிவைப்பவர்கள் ஒரு நாள் மாலை எங்கள் தெருவுக்கு வந்து, யார் விளையாடுகிறார்கள், யார் வாசல்படியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று பார்க்கட்டும். அதனால்தான் என்னிடம் வரும் கீப்பர்கள் முதலில் டென்னிஸ் பந்தில் கேட்ச் பிடிக்கிறார்கள். பெற்றோர் சிலர், "ஃபுட்பால் கத்துக்க அனுப்புனா கிரிக்கெட் ஆட வெக்கிறீங்களே மேடம்" என்று கேட்பார்கள். விளக்கம் சொல்வேன், நிறுத்த மாட்டேன்.

எழும்பியவள் இறங்கவும் வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ஸ்பெயினின் அலெக்சியா புதேயாஸ் 2022 ஐரோப்பியப் போட்டியை இழந்தது அதனால்தான். உண்மையாகவே பெண் உடம்புக்கென்று யோசிக்க வேண்டிய இடம் இது. முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழக்க வேண்டும், தொடைக்கு வலு ஏற்ற வேண்டும். அதற்குப் பொறுமையும் தினசரி இருபது நிமிடமும் வேண்டும். கம்பத்தை வெட்டுகிறோம் என்று வருபவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இனி கிரவுண்டு. நகரத்து மைதானம் எதையாவது போய்ப் பாருங்கள். இரண்டு முனையில் இரண்டு போஸ்ட், சிமெண்டில் ஊன்றியது. காலையில் அதில் யார் ஆடுவது, மாலையில் யார் என்பதற்கே சண்டை. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பசங்கள் வராத நேரம், அதாவது வெயில் நேரம். பெண்களுக்கு வேறு அளவு போஸ்ட் என்று விதி வந்துவிட்டால், 'இது உங்க போஸ்ட் இல்லையே, உங்களுக்குன்னு வரும்போது ஆடுங்க' என்ற பதில் மறுநாளே வரும். அந்த வேறு போஸ்ட்டைச் செய்ய யார் காசு தருவார்? எங்கே நிறுத்துவது? வாலிபால் வலையை ஐந்து நிமிடத்தில் இறக்கிக் கட்டலாம், ஊன்றிய இரும்பை இறக்க முடியாது. 1921இல் லண்டனில் தீர்மானம் போட்டுச் செய்ததை இங்கே அளவு நாடாவால் செய்துவிடுவார்கள்.

இந்த முழு அளவு போஸ்ட்டை வைத்துத்தான் நம் பெண்கள் இவ்வளவும் செய்தார்கள். 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் ஆசியக் கோப்பை இறுதியாட்டம் வரை போனார்கள். பிறகு கேட்பாரற்றுப் போய், 2009இல் ஆட்டமே இல்லாததால் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே பெயர் நீங்கியது. அந்த நிலையிலிருந்து ஏறி வந்து 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோலையும் நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதே ஆண்டு ஆண்கள் அணி தன் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஆண்களுக்கு எங்கே சறுக்கியது என்று விவாதம் நடந்தது. பயிற்சியாளர், லீக், சங்கம் என்று பல காரணம் பேசினார்கள். அவர்கள் உடம்பை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் கட்டக்கில், யாராலும் அசைக்க முடியாத மணிப்பூரை வென்று முதல் முறையாகத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். 2023இல் அமிர்தசரஸில் மறுபடியும் வாங்கினார்கள். இடையில் 2019இல் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆண்கள் அணியின் பதினொரு பேரையும் தூக்கத்தில் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்தப் பட்டங்களில் ஒன்றைக்கூட அவர்கள் கேள்விப்பட்டதில்லை. இந்துமதி கதிரேசன் நாட்டுக்கு ஆடியவர், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கால்பந்தில் சோறு கிடைக்காத பெண்ணுக்கு சீருடை வேலைதான் லீக் ஒப்பந்தம்.

கீப்பருக்கு நடப்பது இன்னும் மோசம். பெண்கள் ஆட்டத்துக்குள்ளேயே அவள் கடைசி. 2023 உலகக் கோப்பையில் தங்கக் கையுறை வாங்கிய இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ் அணிந்த ஜெர்சியை விற்பனைக்கே கொண்டுவராமல் இருந்தார்கள். கையெழுத்து இயக்கம் நடந்த பிறகுதான் வந்தது. அங்கேயே அப்படியென்றால் இங்கே கேட்க வேண்டுமா? கடையில் கையுறை கேட்டால் ஒன்பது, பத்து எண்தான். ஏழாம் எண் கேட்டால் சின்னப் பையன்கள் போடும் வழுக்கும் ரப்பரை எடுத்துத் தருகிறார்கள். அளவு பெரிய கையுறைக்குள் விரல் நுனியில் ஒரு அங்குலம் காலியாக இருந்தால் பந்து கையில் நிற்குமா? அந்தப் பந்தும் நழுவியபின் அதுவும் பெண் உடம்பின் கணக்கில் சேரும்.

இதில் எங்கள் பயிற்சியாளர்களுக்கும் பங்குண்டு, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். அணி சேர்க்கும்போது நன்றாக ஓடுகிறவள் முன்னால், ஓட முடியாதவள் கோலில் என்ற வழக்கம் இன்னும் போகவில்லை. ஐந்து கோச் உள்ள கேம்ப்பில்கூட கீப்பருக்கென்று ஒருவர் இருப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் நாலு பந்தை அவளை நோக்கி அடிப்பதற்குப் பெயர் கீப்பர் பயிற்சி. இப்போது வரும் இளைஞர்களிடம் ஏணிக் கயிறு இருக்கிறது, கூம்பு இருக்கிறது, எகிறிக் குதிக்கும் ரப்பர் பந்து இருக்கிறது, எல்லாவற்றையும் படம் பிடிக்க போன் இருக்கிறது. நெஞ்சுயரப் பந்தைச் சத்தமில்லாமல் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காலால் பாஸ் கொடுக்கச் சொல்லித்தருகிறார்கள், ஏனென்றால் ஐரோப்பாவில் அப்படி ஆடுகிறார்களாம். அங்கே அந்தக் கீப்பர் பிடிக்கக் கற்ற பிறகு அதைச் செய்கிறாள். சுண்ணாம்புக் கோட்டில் நடக்கவைத்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, பெற்றோருக்கும் அலுப்பாக இருக்கும், மாதக் கட்டணத்துக்குக் கேள்வி வரும். அதனால் அதை விட்டுவிட்டார்கள். விட்டதன் பலன்தான் திரையில் ஓடிய அந்தக் கோல்கள்.

போஸ்ட்டை மாற்ற ஆகும் இரும்புச் செலவையும் வெல்டிங் கூலியையும் என்னிடம் தர வேண்டாம். வாரத்தில் மூன்று மாலை, நாலரை முதல் ஆறு மணி வரை, ஒரே ஒரு போஸ்ட்டைப் பெண் கீப்பர்களுக்கு ஒதுக்கட்டும். பள்ளி பி.டி. ஆசிரியர்கள் நாலாம் வகுப்புப் பெண்பிள்ளைகளில் பந்தைக் கண்டு கண்ணை மூடாதவர்களை எனக்கு அனுப்பட்டும், ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவளையும் சேர்த்து அனுப்பட்டும். முதல் ஆண்டு டென்னிஸ் பந்தும் சுண்ணாம்புத் தடமும்தான். கையுறை இரண்டாம் ஆண்டில். பின்னால் போய்ப் போஸ்ட்டைத் தொடத் தெரிந்த பிறகே பாருக்குக் கீழே பந்து போடுவேன்.