ஒரே ரயில், இரண்டு வாசல்கள்



மோதி பாக் பகுதியில் வாழும் நம்மவர்களுக்குச் சப்தர்ஜங் ரயில் நிலையம் அறியாத இடமன்று. குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை மாலை அங்கே சென்று பாருங்கள். 1982 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ என்னும் ஆடம்பர ரயில் அங்கிருந்துதான் ராஜஸ்தானுக்குப் புறப்படுகிறது. அதில் ஏறுகிறவர்களில் வெளிநாட்டவர் பலர். நம்முடைய ரயில்களோ வேறிடத்தில். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குப் புது டில்லிக்கும், திருக்குறள் எக்ஸ்பிரஸுக்கு நிஜாமுதீனுக்கும் மூட்டைகளோடு நாம் போயாக வேண்டும்.

நம் வீட்டிற்கு லண்டனிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற தமிழர். இந்தியில் ஒரு சொல்லும் அறியாதவர். அவரும் நீங்களும் ஒரே நாளில் சென்னைக்குப் பயணமாக வேண்டும். மொழி ஒன்று, போகும் ஊர் ஒன்று. ஆனால் முன்பதிவு என்று வரும்போது அவருக்கு ஒரு வாசல், உங்களுக்கு வேறொரு வாசல்.

வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி என்ற முறையில் அவர் 365 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். நமக்கு 2024 அக்டோபர் வரை 120 நாட்கள் இருந்தன. நவம்பர் 1 முதல் அது 60 ஆகக் குறைந்தது. நெடுநாள் முன்னதாக எடுக்கப்படும் பயணச்சீட்டுகளில் பல ரத்தாகின்றன என்று ரயில்வே காரணம் கூறிற்று. அது நியாயமான காரணமே. எனினும் வெளிநாட்டவரின் 365 நாட்களில் எவரும் கை வைக்கவில்லை. மேலும், குறிப்பிட்ட சில ரயில்களில் அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. புது டில்லி நிலையத்தில் பஹாட்கஞ்ச் பக்கமுள்ள கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கிவந்த சர்வதேச சுற்றுலாப் பயணிகள் பதிவு அலுவலகம் உலகெங்கும் பயணிகளிடையே பெயர் பெற்றது. கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி, உட்கார்ந்தபடியே சீட்டு வாங்கலாம். அந்த மாடிப்படி ஏறுமுன் அவர்களை வழிமறித்து, “ஆபீஸ் மூடிவிட்டது” என்று பொய் சொல்லி வேறு கடைக்கு அழைத்துப்போகும் தரகர்களும் அதே அளவு பெயர் பெற்றவர்கள்.

இந்தச் சலுகையைக் கண்டு பொறாமைப்பட வேண்டியதில்லை. எழுத்துத் தெரியாத நாட்டில், விசாவின் நாட்களை எண்ணிக்கொண்டு அலைகிறவனுக்கு ஒரு நாற்காலி போடுவது நற்செயலே. ஜப்பானிலும் ரயில் பாஸ் என்னும் சலுகைச் சீட்டு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கே கிடைக்கும். அங்கே குடியிருக்கிறவர்களுக்கு இல்லை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்ற மாதம் டில்லிக்கு வேலைக்கு வந்த நம் தம்பிக்கும் இந்தி தெரியாது. விண்ணப்பத் தாளில் எதை எங்கே எழுதுவது என்பதும் தெரியாது. இந்த நாட்டின் குடிமகன் என்பதால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று கொள்ளப்படுகிறது. தரகர்கள் தேடுவதும் அவனைத்தான்.

விருந்தாளியின் ஊரில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான ரயில்களில் சீட்டு வாங்கி அன்றைக்கே ஏறிவிடலாம். இடமில்லாவிட்டால் நின்றுகொண்டு போகலாம். ‘காத்திருப்போர் பட்டியல் 143’ என்றால் என்னவென்று அவருக்கு விளக்குவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் விலையைக் கேளுங்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சுமார் 630 கிலோமீட்டர். கடைசி நேரத்தில் முழுக் கட்டணத்தில் வாங்கினால் நூறு பவுண்டைத் தாண்டிவிடும். டில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். ஸ்லீப்பர் வகுப்பில் ஆயிரம் ரூபாய்க்குள் படுத்துக்கொண்டு போகிறோம். கட்டணம் குறைவு, கேட்கிறவர்கள் மிகுதி. அதனால் நாம் பணத்திற்குப் பதிலாகக் காத்திருப்பைக் கொடுக்கிறோம். மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்குக் கோடை விடுமுறை விடும் வாரத்தில் ஊர் செல்ல, அறுபது நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்கு எத்தனை வீடுகளில் கைப்பேசியோடு விழித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

விடுமுறைப் பயணம் தவறினால் தவறட்டும். ஊரில் தகப்பனார் காலமானார் என்று செய்தி வந்தால் என்ன செய்வது? இதற்குத்தான் நீங்கள் முன்கூட்டியே ஆயத்தமாயிருக்க வேண்டும்.

முதலாவது தட்கல். புறப்படும் நாளுக்கு முந்தின நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை 1 முதல், ஆதாரோடு இணைத்துச் சரிபார்க்கப்பட்ட ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். துக்கச் செய்தி வந்த பிறகு இணைப்பு வேலையில் உட்கார முடியாது. இந்த வாரமே செய்துவிடுங்கள். கணக்கில்லாத பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் செய்து கொடுங்கள்.

இரண்டாவது, நம்மில் அநேகர் அறியாத அவசர ஒதுக்கீடு. அது எம்.பி.க்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியது என்று நினைத்து நாம் கேட்பதேயில்லை. அவர்களுக்கே முன்னுரிமை என்பது மெய். ஆயினும் மரணம், நோய், வேலைக்கான நேர்முகத் தேர்வு போன்ற காரணங்களும் கருத்தில் கொள்ளப்படும் என்று ரயில்வே சொல்லியிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஒரு சீட்டு எடுத்து, அதன் பி.என்.ஆர். எண்ணையும் காரணத்தையும் எழுதி, ரயில்வே அலுவலகத்தில் முந்தின நாளே கொடுக்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதியில்லை. அட்டவணை தயாரானால்தான் தெரியும்.

அதுவும் கிடைக்காவிட்டால் மீதமிருப்பது முன்பதிவில்லாத பெட்டி. இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டரில் எடுத்த காத்திருப்புச் சீட்டோடு ஸ்லீப்பரில் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும் பழைய வழக்கத்தையும் 2025 மே முதல் கண்டிப்போடு தடுக்கிறார்கள். ஆகவே சென்னை வரை ஏறத்தாழ 33 மணி நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. திருநெல்வேலியோ நாகர்கோவிலோ போகிறவருக்கு அதற்கு மேலும் ஓர் இரவு. நம் விருந்தாளி ஓர் ஆண்டுக்கு முன் எடுத்து வைத்த பெர்த், அதே ரயிலில் சில பெட்டிகள் தள்ளித்தான் இருக்கும்.