தராசு காட்டாத தேய்வு

எனது தந்தையாருக்கு வயது 74. கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலில் இளமை முதல் உழைத்தவர். ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் அவர் வரம்பில் இடறி விழக் கண்டேன். "இனி வயல் வேலை வேண்டாம் ஐயா, கதிரையில் இருங்கோ" என்று மண்வெட்டியை வாங்கிக் கோழிக்கூட்டின் பின்னால் ஒளித்து வைத்தேன். மகனுக்குரிய கடனைச் செய்ததாகவே எண்ணினேன். அயலாரும் மெச்சினர்.

சென்ற ஆண்டு அவருக்குச் சிறுநீரகக் கல் உண்டாயிற்று. வவுனியாவில் வயிற்றுப் பகுதியைச் சீ.ரீ. ஸ்கான் எடுத்தார்கள். கல் சிறியது, தானே கழிந்துவிடும் என்றார் வைத்தியர். ஆயினும் படத்தை அவர் எடுத்து வைக்கவில்லை. நாரியின் மூன்றாம் முள்ளந்தண்டென்பு மட்டத்தில் உடலைக் குறுக்கே அரிந்தாற்போன்ற ஒரு படத்தைக் காட்டினார். முள்ளந்தண்டின் இருமருங்கும் சீரான சாம்பல் நிறமாய் இருக்கவேண்டிய தசையில் கரிய கீற்றுகள் ஓடியிருந்தன. அவை கொழுப்பாம்.

இக்கருவியை ஆக்கியமைக்காக 1979இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் ஓர் அளவை உண்டு. அதில் நீர் பூச்சியம். நல்ல தசை 50ஐ அண்டி நிற்கும். கொழுப்போ பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 100. ஆகவே ஒரே படத்தில் தசையின் பரப்பையும் தரத்தையும் அறியலாம். தந்தையாரின் நிறை ஐந்தாண்டாக 61 கிலோவிலிருந்து அசையவில்லை. தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது! நாங்கள் தராசை நம்பியிருந்தோம்.

இந்நிலைக்குச் சார்க்கோபீனியா என்று 1989இல் பெயரிட்டவர் ரோசன்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர். தசை வறுமை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இதற்கென்றே சீ.ரீ. எடுத்தல் தகாது; கதிர்வீச்சு மிகுதி. வேறு நோய்க்கு எடுத்த படத்தில் இதனையும் நோக்குவது ஆதாயம். படம் மட்டும் போதாதென்று, கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்கச் சொன்னார் வைத்தியர். 12 விநாடிக்குள் முடியவேண்டும். தந்தையாருக்கு 17 விநாடி சென்றது.

"வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தம்பி ஒன்றும் செய்ய விடமாட்டார்" என்றார் ஐயா. குறையாகவன்று, பெருமையாக. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பொஸ்டனில் தொண்ணூறு வயதை அண்டிய சிலர் எட்டு வாரம் பாரம் உயர்த்திப் பழகியதையும், அவர்களது தொடைத் தசையின் பரப்பு ஸ்கான் படத்திலேயே பெருகித் தெரிந்ததையும் சொன்னார். அச்செய்தி 1990இல் வெளியானதாம். அளவான பாரத்துடன் பயிற்சி, முட்டை, மீன், பயறு: இவையே மருந்து. மாத்திரை ஒன்றும் எழுதவில்லை.

வீடு திரும்பியதும் மண்வெட்டியைத் தேடி எடுத்தேன். பிடியைக் கறையான் அரித்திருந்தது. ஐயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுப்பிடி போட்டுத் தா, தம்பி."