கதவு எண் பூஜ்யம்

மனு எழுதுகிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். எல்லாம் கணினிக்குப் போய்விட்ட பிறகு கையெழுத்தை யார் பார்க்கிறார்கள்? இன்று இந்த வேலையின் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, அதைக் காட்டி அடுத்து எதை வாங்குவது, எதை இப்போதைக்குத் தொடாமல் விடுவது. வீடு உள்ளவருக்கு இந்தக் கவலை கிடையாது. என்னிடம் வருகிறவர்கள் லஸ் பக்கம் நடைபாதையில் படுக்கிறவர்கள், பாண்டி பஜாரில் கடை வாசலிலேயே தூங்கும் காவலாளிகள், அடையாறில் குட்டியானை வண்டிக்குள் வாழ்க்கையை நடத்தும் டிரைவர்கள். படிவம் அவர்களிடமும் கதவு எண் கேட்கிறது.

எதுவுமே கையில் இல்லாதவர் என்றால் ஆதாரில் தொடங்குவேன். நிலையான குடியிருப்பு இல்லாதவர்களுக்கும் நாடோடிச் சமூகத்தினருக்கும் எண் கொடுக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016 ஆதார் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. நடைமுறையில் அந்த ஏற்பாடு ஒரு பக்கச் சான்றிதழ். புகைப்படம் ஒட்டி, எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரும் கையெழுத்திடலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாநகராட்சி நடத்தும் காப்பகத்தில் தங்கியிருப்பவருக்கு அதுவே சுலபமான வழி. முத்திரையில் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். சரியாக விழாமல் திருப்பி அனுப்பிவிட்டால் வந்தவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது?" என்று கேட்ட கவுன்சிலர் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால் ஆளை மட்டும் தனியாகக் கூட்டிப் போவதில்லை. டீக்கடைக்காரரோ இஸ்திரி வண்டிக்காரரோ கூட வருவார். "பதினஞ்சு வருஷமா இங்கதான் சார் படுக்குது இந்தம்மா, என் பொண்ணு கல்யாணத்துக்குப் பூ கட்டினதே இதுதான்" என்று இஸ்திரிக்காரர் சொன்ன பிறகு பேனா மூடி திறக்கும். பட்டா இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை. தெருவுக்கு அந்த ஆளைத் தெரியும் என்பது இருக்கிறது. அதைத் தாளில் ஏற்றுவதற்குத்தான் நான் கூலி வாங்குகிறேன்.

அதே டீக்கடைக்காரரிடம் "உங்க கடை முகவரியை இவருக்கு மேற்பார்வையா போட்டுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும். நாளைக்குக் கடையில் பங்கு கேட்டுவிட்டால்? ஆதாரில் ஒரு முகவரி அச்சாவதால் அந்த இடத்தின் மேல் எந்த உரிமையும் பிறக்காது என்று விளக்குவேன். பாதிப் பேர் நம்புவார்கள்.

அடுத்தது செல்போன் எண். கடிதம் வந்து சேர இடமில்லாதவருக்கு ஓடிபி வந்து சேரும் இடமாவது வேண்டும். சிம் யார் பேரில் என்று கேட்டால் மச்சான், பழைய முதலாளி, யாரோ ஒரு கடைக்காரர். ஆதார் கையில் வந்ததும் சொந்தப் பேரில் சிம் வாங்க வைத்து, அந்த எண்ணைத்தான் மற்ற எல்லாவற்றிலும் ஏற்றுவேன். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் மூன்று மாதம் கிடந்தால் எண் துண்டிக்கப்படலாம். பிறகு இன்னும் சில மாதங்களில் அது வேறு யாருக்கோ போகும். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த வேறு யாருக்கோ போய்ச் சேரும். வாடகை பாக்கி வைத்தாலும் வீட்டுக்காரர் நாலு தடவை கத்திவிட்டுத்தான் சாமானை வெளியே வைப்பார். செல்போன் கம்பெனிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வங்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவணமே இல்லாதவருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி சிறு கணக்கு திறக்கலாம்: படம், அதிகாரி முன்னிலையில் கையெழுத்து அல்லது கைநாட்டு. இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்கலாம், ஓராண்டுக்குள் சரியான ஆவணத்துக்கு விண்ணப்பித்ததையாவது காட்ட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர்கள் பலர் அந்த விதியைப் படித்ததில்லை. நான் அச்செடுத்தே கையில் வைத்திருப்பேன்.

வண்டிக்காரர்கள் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, உரிமையாளர் வசிக்கும் இடத்திலோ தொழில் இடத்திலோ, வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தை வைத்துப் பதியச் சொல்கிறது. வண்டி எங்கே நிற்கும் என்று அக்கறையாகக் கேட்கிறது சட்டம். அதற்குள் படுப்பவர் எங்கே இருப்பார் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. பெரும்பாலும் ஆர்.சி.யில் இருப்பது திருவண்ணாமலைப் பக்கமோ கள்ளக்குறிச்சிப் பக்கமோ உள்ள அப்பா வீட்டு முகவரி. இன்ஷூரன்ஸ் நினைவூட்டலும் நோட்டீசும் அங்கே போய் ஓட்டில் செருகிக்கிடக்கும். எஃப்.சி. முடிவதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார் தம்பி. வாகனப் பதிவில் செல்போன் எண்ணைச் சரிசெய்து, உரிமத்தையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் ஏற்றிக் கொடுத்தால் முக்கால்வாசித் தொல்லை தீரும்.

எனக்குப் பிடித்த படிவம் எண் 6, வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பேர் சேர்ப்பது. வீடில்லாதவர் விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்க வேண்டியதில்லை. அவர் எழுதிய இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு இரவோடு நிறுத்தாமல் மறுபடியும் போக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. அந்த அலுவலர் பல இடங்களில் அங்கன்வாடி ஊழியர். பகலெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நடைபாதைக்கு வருவார். அன்றைக்கென்று மழை வந்து நம் ஆள் வேறு கடை ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் பேர் போச்சு. ஆகவே இடத்தை எழுதும்போது மழைக்கு ஒதுங்கும் இடத்தையும் சேர்த்தே எழுதுவேன். "இன்ன கடைக்கு எதிர்நடைபாதை, மழையென்றால் பக்கத்து வங்கிப் படிக்கட்டு." இப்படிப்பட்ட முகவரியை எந்த மென்பொருளும் விரும்பாது, அலுவலருக்குப் புரியும். கதவு எண் இல்லாதவர்களுக்குப் பட்டியலில் பூஜ்யம் என்று போடுவதாகத் தலைமைத் தேர்தல் ஆணையரே 2025 ஆகஸ்டில் விளக்கினார். நாடு முழுக்க அதைக் கேலி செய்தார்கள். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. பூஜ்யம் வாங்க நாங்கள் அலைகிற அலைச்சல் எனக்குத் தெரியும்.

பூஜ்யமும் நிலைக்காது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பேர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி இறந்தவர்கள்கூட இல்லை. இடம் மாறியவர்கள், கொடுத்த முகவரியில் ஆள் இல்லாதவர்கள் என்று கணக்கு. பிழைப்புக்காக அடிக்கடி இடம் மாறும் ஆட்களுக்கு இது ஆச்சரியமில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் கிடையாது: ஊர் முகவரியை வைத்துக்கொள்வதா, விடுவதா? நடைபாதையில் இருப்பவருக்கு ஒரு ஊர் இருக்கும், அங்கேதான் போக வேண்டும் என்று அரசாங்கம் எப்போதும் நினைத்து வந்திருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து போன கூலித் தொழிலாளி; 1981இல் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை தேடி அவர் திரும்பப் போனார். 1985இல் உச்ச நீதிமன்றம் பிழைப்பு உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. முன்னறிவிப்பு கொடுத்து நடைபாதையைக் காலி செய்யலாம் என்றும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. மேடைகளில் முதல் பாதியை மட்டும் பேசுவார்கள்.

மாட வீதியில் பூ விற்கும் ஒரு அம்மாவுக்கு ஊர் ரேஷன் கார்டில் அண்ணன் குடும்பத்தோடு பேர் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தபோது கார்டுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் அது அண்ணிக்குப் போனது. இங்கே தனிக் கார்டு வாங்கலாம் என்றால் தனிச் சமையல் இருக்கிறதா என்று வீட்டைப் பார்க்க வருவார்கள். எந்த வீட்டை? ஊர்க் கார்டில் பேரை எடுத்துவிட்டு இங்கே கிடைக்காமல் போனால் இரண்டும் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து கார்டை எந்தக் கடையிலும் காட்டி வாங்கலாம் என்று திட்டம் இருந்தாலும், அண்ணன் வீட்டுப் பங்கில் கைவைக்க இவருக்கு மனசில்லை.

"கார்டைத் தொடாத தம்பி," என்றார். "நாளைக்கு முடியாமப் போனா அங்கதான போய் விழணும். ஓட்டை மட்டும் இங்க மாத்திக் குடு. மழையில தண்ணி நிக்குதுன்னு கேட்டா, உனக்கு இங்க ஓட்டா இருக்குன்னு கேக்கறானுங்க."

ஒருவர் ஒரே இடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம். ஏற்கெனவே ஊரில் பேர் இருப்பதால் படிவம் 6 ஆகாது, இடமாற்றத்துக்கான படிவம் 8 போட வேண்டும். அதற்குப் பழைய அட்டையின் எண் தேவை. அட்டை அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அண்ணன் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது எடுத்து அனுப்புகிறேன் என்றான்.